ஒரே லாகினில் நான்கு பேர்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடம் சிஸ்டம்ஸ் பார்த்தேன். விசிட்டிங் கார்டில் 'நெட்வொர்க் நிர்வாகி' என்று இருக்கும். என் நிர்வாகம் என்பது, ஷேர்டு ஃபோல்டரில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான். யாரும் எதையும் அழிக்கலாம். ஆனால் யாரும் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

கேட்டில் ஷிஃப்ட் மாறி மாறி நான்கு பேர். நால்வருக்கும் சேர்த்து 'கேட்1' என்று ஒரே லாகின். தனித்தனியாகப் போட எனக்குச் சோம்பல். பாஸ்வேர்டை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள்.

ஒரு நாள் காலை எடைச் சீட்டு ஃபோல்டரைக் காணவில்லை. ஏற்றுமதிப் பெட்டியை எடை போட்டு, சீட்டை ஸ்கேன் செய்து அதில்தான் போடுவார்கள். அது இல்லாமல் பெட்டி துறைமுகத்துக்குள் போகாது. மேனேஜர் கூப்பிட்டார்.

"யாருங்க அழிச்சது?"

"கேட்1 லாகின்லேர்ந்துதான் போயிருக்கும் சார்." எதையும் பார்க்காமலே சொன்னேன்.

"கேட்ல யாரு?"

"நூர்ஜஹான்."

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் எடை மேடை ஆபரேட்டர். நால்வரில் அவர் மட்டும்தான் கான்ட்ராக்ட். மேனேஜர் உடனே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, "நாளைலேர்ந்து அந்தம்மா வேணாம், வேற ஆள் அனுப்புங்க" என்றார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

விஷயம் தெரிந்து நூர்ஜஹான் என் அறை வாசலுக்கு வந்தார். "நான் இன்னா சார் பண்ணேன்? எடை போட்டேன், ஸ்கேன் பண்ணேன், உள்ள போட்டேன். ஆறு வர்சமா இத்தத்தான் பண்ணிகினு கீறேன்."

"மவுஸ் கை தவறி இழுத்திருக்கும்மா" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

பேக்கப்பிலிருந்து ஃபோல்டரை மீட்டேன். கேட் ஆட்கள் இனி அதை அழிக்க முடியாதபடி பூட்டச் சொன்னார் மேனேஜர். வீரமாக 'டினை', அதாவது அனுமதி மறுப்பு, போட்டேன். போட்டது கேட் குழுவுக்கு அல்ல, 'யூசர்ஸ்' குழுவுக்கு; அதுவும் அந்த ஒரு ஃபோல்டரில் அல்ல, சர்வரில் இருந்த எல்லா ஃபோல்டர்களிலும். கம்பெனியில் எல்லோரும் அதில் உண்டு, நானும் உண்டு. எத்தனை இடத்தில் அனுமதி கொடுத்திருந்தாலும் ஒரு டினை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐந்தே நிமிடத்தில் மேனேஜர் உட்பட யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன.

பூட்டைக் கழற்ற ஒவ்வொரு ஃபோல்டராகப் போனேன். என் சொந்த 'பழசு' ஃபோல்டருக்குள், காணாமல் போன ஃபோல்டர் சௌக்கியமாக இருந்தது. முந்தின நாள் மாலை பழைய ஃபைல்களை ஒதுக்கியபோது கை தவறி இழுத்தது நான்தான். பழியை வேறு யார் மேலும் போட வழியில்லை. அந்த சர்வரிலேயே நான் ஒழுங்காகப் பெர்மிஷன் வைத்திருந்த ஒரே ஃபோல்டர் 'பழசு'தான். அதில் எழுத அனுமதி எனக்கு மட்டும்.

சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று தோன்றியது. கை டெலீட் பட்டன் வரை போனது. கண்ணாடி வழியே பார்த்தால், நூர்ஜஹான் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே அடுத்த வண்டிக்கும் எடை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"சரி விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றவர், எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். அதே தப்புக்கு அந்த அம்மாவுக்கு வேலை போயிருந்தது.

"மொதல்ல கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணுங்க சார்" என்றேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். போன் செய்தார்.

நான் கற்றது இதுதான்: ஒரே லாகினில் நான்கு பேர் இருந்தால், தப்பு எப்போதும் நால்வரில் சம்பளம் குறைந்தவர் தலையில்தான் விழும். மறுநாளே நால்வருக்கும் தனித்தனி லாகின் போட்டேன். நூர்ஜஹான் திரையில் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இனிமே எதுனா தொலஞ்சா, நான் எடுக்கலன்னு இது சொல்லுமா சார்?"

"சொல்லும்மா."

"நேத்து நீ சொல்லலியே சார்."

பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன்.