முன்பாதி அப்பாவுடையது

என் பெற்றோருக்குக் கல்யாணம் நடந்தது பீடத்துக்கு முன்னால் அல்ல. பாதிரியாரான அச்சன் பூசை உடுப்பு மாற்றும் பக்கத்து அறையில். அம்மா கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்கு வேலைக்கு வந்த புரொட்டஸ்டண்டுக்காரர். அப்படிக் கலந்து கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் பாட்டும் கிடையாது, பூசையும் கிடையாது. பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்க முறையில் வளர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்த பிறகே அச்சன் தாலியை மந்திரித்துக் கொடுத்தாராம். "அங்கி தொங்குற ரூம்ல வெச்சுதான் என்னைக் கெட்டினார் உங்கப்பா" என்று அம்மா சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

வாக்கு என்றால் அப்பாவுக்கு வாக்குதான். ஞாயிறு காலைப் பூசைக்குத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கோயில் கேட் வரை கூட்டி வருவார். அதற்கு மேல் ஓரடி வரமாட்டார். மழையானால் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக வெறும் வயிற்றோடு போன நாங்கள் வெளியே வரும்போது அவர் கையில் சூடான பழம்பொரிப் பொட்டலம் இருக்கும். எங்களை வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் கொச்சிக் கோட்டையில் இருந்த தன் புரொட்டஸ்டண்டுக் கோயிலுக்குப் போவார்.

சாயங்காலம் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபமாலை கேட்கும். மற்ற வீடுகளில் மலையாளத்தில்; எங்கள் வீட்டில் தமிழில். மாதாவை வானதூதர் வாழ்த்துகிற முன்பாதியை அம்மா சொல்வாள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் கேட்கிற பின்பாதியை நானும் தம்பியும் சொல்லுவோம். அப்பா முன் அறையில் நாற்காலியில் பைபிளோடு உட்கார்ந்திருப்பார். அவரும் வந்து எங்கள் பக்கத்தில் முழங்காலில் நிற்கமாட்டாரா என்று எனக்கு ஒரே ஏக்கம். அடுத்த வீட்டுப் பெண்ணின் அப்பன் கள்ளுக் குடித்துவிட்டாவது வந்து முழங்காலில் நின்றுவிடுவார். எனக்கு அந்தக் குடிகாரர்மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

அம்மா ஒருமுறை கேட்டே விட்டாள். "பிள்ளைங்களுக்காகவாவது ஒண்ணு வந்து முட்டுகுத்தக் கூடாதா?"

"மனசு ஒத்துக்காத ஜெபத்தை வாயால சொன்னா அது கர்த்தருக்கும் பொய், உனக்கும் பொய்" என்றார் அப்பா. கோபமே இல்லாமல் சொன்னார்.

வேதபாட வகுப்பில் கன்னியாஸ்திரி ஒருத்தி, திருச்சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு மோட்சம் இல்லை என்று சொல்லிவிட்டாள். நான் அழுதுகொண்டே கிடங்குக்கு ஓடினேன். மிளகு நெடியில் தும்மலும் அழுகையுமாக நின்ற என்னைப் பார்த்து அப்பா சிரித்தார். "அழாதட்டி. உங்களை அங்கயும் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுதேன். போதுமா?" எனக்குப் போதவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனாள். அவளை அடக்கம் செய்த மறுநாளே, தோப்பும்படியில் இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, எங்கள் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். சித்தி கெட்டவள் அல்ல. அக்காள் பிள்ளைகள் என்றால் உயிர். ஆனால் அவள் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்.

"அத்தான், தப்பா நெனைக்காதீங்க. ஜெபம் சொல்லித் தர ஆளில்லாத வீட்டுல பிள்ளைங்க வேதத்தை மறந்துரும். நாளைக்குக் காலைல நான் கொண்டுபோறேன்."

தம்பி அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டான். மூட்டை வாசலோரம் இருந்தது. அம்மாவோடு போன வாரம் வரை இருந்த வீடு, அப்பா, எல்லாமே நாளைக் காலையோடு போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி முழங்காலில் நின்றோம். சித்தி சிலுவை போட்டுவிட்டு, தொடங்க முடியாமல் அக்காளை நினைத்து விம்மினாள். அப்போது முன் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வானதூதரின் வாழ்த்து. அம்மா சொல்லும் அதே வார்த்தைகள், அதே நிதானம். நாங்கள் "சேசு" என்கிற இடத்தில் மட்டும் "இயேசு" என்றார். முன்பாதி முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். "அத்தான், நீங்களா?"

"இதுவரைக்கும் எங்க பைபிள்லயும் இருக்கு. இதைச் சொன்னா எனக்குப் பொய்யில்ல. மிச்சத்தை நீங்க சொல்லுங்க" என்றார். பிறகு, "அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்லா" என்றார்.

சித்திதான் முதலில் பின்பாதியைச் சொன்னாள், அழுகையும் சத்தமுமாக. ஜெபமாலை முடியும் வரை அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு முன்பாதியைக்கூட விடவும் இல்லை. மறுநாள் சித்தி மூட்டையைப் பிரித்து, துணிகளைப் பழையபடி பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

எனக்குக் கல்யாணம் ஆகும் வரை எங்கள் வீட்டு ஜெபமாலை அப்படித்தான் நடந்தது. அம்மா எங்கள் கோயில் கல்லறையில் இருக்கிறாள். அப்பா கோட்டையில், அவர்களுடைய கல்லறையில். இரண்டு கேட்டுக்கும் நான்தான் பூ கொண்டுபோகிறேன்.

இப்போது வீட்டில் தனியாகத்தான் ஜெபமாலை சொல்கிறேன். இரண்டு பாதியும் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் முதல் மணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். முன் அறையிலிருந்து அப்பா தொடங்கட்டும் என்று.