கப்பல்காரன் அனுப்பிய காளான்

என் மைத்துனன் அனுப்பிய காளானை முதலில் பார்த்தபோது, ஏதோ மேசைக்கால் உடைந்து பார்சலில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கருஞ்சிவப்பு நிறம். வார்னிஷ் அடித்ததுபோல் பளபளப்பு. தட்டினால் கட்டைச் சத்தம். நான் நாசரேத்துப் பக்கத்துக்காரன். எனக்குக் காளான் என்றால், கோடை இடி இடித்து மழை பெய்த மறுநாள் காலையில் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துப் புற்றுகளில் வெள்ளை வெளேரென்று முளைத்துக் கிடப்பதுதான். காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் அதில் மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் கொடுப்பார்கள். உடம்பு தேறிவிடும் என்பார்கள். தேறியது சாற்றாலா, தானாகவா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. சாறு ருசியாக இருக்கும், அதனால் கேள்வி வரவில்லை.

இந்தக் கட்டையில் எப்படிச் சாறு வைப்பது? அரிவாளால் ஒரு போடு போட்டேன். அரிவாள்தான் துள்ளியது.

"மாப்ளே, இத சமையக்கட்டுல வைக்கணுமா, மரக்கடையில குடுக்கணுமா?" என்று போனில் கேட்டேன்.

"வெளாடாதீங்க அத்தான். சீனாவுல அந்தக் காலத்து ராசாமாருக்கு மட்டும் குடுத்த மருந்தாம். கடைக்காரர் ஒவ்வொண்ணா மோந்து பாத்து எடுத்துத் தந்தாரு. துண்டு துண்டா நறுக்கி, தண்ணி பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வச்சு அக்காவுக்குக் குடுங்க. கசக்கும். ஆனா அக்கா பொழைச்சுக்கிடும்."

அக்கா என்று அவன் சொன்னது என் மனைவியை. அவள் கடலோர ஊரான ஆலந்தலைக்காரி. தாய் போனபோது இவன் நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பி வளர்த்தது இவள்தான். எங்கள் கல்யாணத்தன்று அவன் கோயில் வாசலில் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எங்க அக்காவ எங்கன கூட்டிட்டுப் போறிய?" என்று கேட்டது இன்னமும் எங்கள் வீட்டில் ஓடுகிற பகடி. இப்போது அவன் சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரன். மீசை வைத்த ஆள். அக்கா விஷயத்தில் மட்டும் அதே வேட்டி இழுப்புதான்.

அவன் விடுப்பில் வந்திருந்தபோதுதான் அவளுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பரிசோதனை முடிவு கைக்கு வந்தபோது அவன் கப்பல் ஏற வேண்டிய நாளும் வந்துவிட்டது. போக மாட்டேன் என்று அடம் பிடித்தான். "போலே. நீ இங்கன இருந்து என் மொகத்தையே பாத்துட்டு இருந்தாத்தான் எனக்குச் சீக்கு கூடும்" என்று அவளே பெட்டியைக் கட்டி அனுப்பினாள். அவன் போன பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. வாய் புண்ணாகி, ஆசை ஆசையாகத் தின்கிற மீன் குழம்பின் வாசமே அவளுக்குக் குமட்டலாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் இந்தக் காளான் வந்து சேர்ந்தது. அவனோடு வேலை பார்த்த ஒருவர் விடுப்பில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். நான் துறைமுகத்தில் கன்டெய்னர்களோடு மல்லுக்கட்டுகிறவன். ரம்பம் கொண்டு அறுத்து, சில்லுச் சில்லாக்கி, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கொதிக்க வைப்பேன். நனைந்த தோணிப் பலகையை அடுப்பில் ஏற்றியது போல ஒரு வாசம் தெருவரைக்கும் போகும். வடிகட்டினால் கறுப்பும் பழுப்புமாக ஒரு தண்ணீர். நிலவேம்புக் கசாயம் அதற்கு முன்னால் பாயசம்.

முதல் மிடறிலேயே என் மனைவி என்னை முறைத்தாள்.

"ஒங்க ஊர்க்காரங்கதான் நாய்க்குடையக்கூட விட மாட்டீங்க. எந்தம்பிக்கு எவன் இதச் சொல்லிக்குடுத்தான்?"

"என்னை ஏன் பாக்க? நானா வாங்கிட்டு வந்தேன்?"

ஆனாலும் குடித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மறுத்துவிடுவாள், அன்றைக்குக் கறி ஆகாதாம். "இது கறி இல்லளா, காளான்" என்று சொல்லிப் பார்த்தேன். "கறி மாதிரி இருக்கதும் கறிதான்" என்றாள். கத்தோலிக்க மாதா கோயில்காரியிடம் புராட்டஸ்டன்ட் சர்ச்சுக்காரன் ஜெயித்ததாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை.

நான் நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். பேச்சில்தான் கேலி. அடுப்படியில் நின்று அந்தத் தண்ணீரைக் கிண்டும்போது என் மனசு முழுக்க ஜெபம்தான். ஆஸ்பத்திரியில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததே, அது போதும் என்றிருந்தது. கடல் நடுவே கிடக்கிற அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கண் வெளுப்பில் மஞ்சள் தட்டியது. அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது, ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டரம்மா இன்றைக்கு ஏற்ற முடியாது என்றுவிட்டார்.

"ஈரல் கெட்டுப்போய்க்கிட்டு இருக்கு. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா அம்மா? நாட்டு மருந்து, பொடி, கசாயம்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அந்தக் காளானைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது.

"அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நாங்க குடுக்கிற மருந்தாலயும் இருக்கலாம். ஆனா ரெண்டையும் ஒரே ஈரல் தாங்கணும். இப்ப எனக்கு இந்த மருந்து முக்கியம். அத நிறுத்திருங்க. ஈரல் தேறினாத்தான் மேல ஏத்த முடியும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் சொன்னேன், "சாயங்காலம் அவங்கிட்ட சொல்லிரலாம்." அவள் சட்டென்று திரும்பினாள்.

"கப்பல்ல இருக்கவன்கிட்டயா?"

கடற்கரைக் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். கப்பலில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது. அவனால் இறங்கி வரவும் முடியாது, அங்கே அழுவதற்கு ஒரு தோளும் கிடைக்காது. பெற்ற தகப்பன் செத்ததைக்கூட மகன் கரை இறங்கும்வரை மூடி வைத்த வீடுகள் உண்டு. அவனுக்கு நோய் இருப்பது தெரியும். ஆனால் அவன் ஆசையாகத் தேடி அனுப்பிய மருந்தே அக்காவின் ஈரலைக் கெடுத்திருக்கலாம் என்று கேட்டால்? "துடிச்சுப் போவான். கொதிக்கிற எண்ணெயில நிக்கிற வேலை அவனுக்கு. கரைக்கு வரட்டும், நானே சொல்லுதேன்" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், தினமும் சாயங்காலம் அவன் வீடியோவில் வருவான். அக்கா கசாயம் குடிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. அன்றைக்கும் வந்தான். என்ன செய்வதென்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் அடுப்படியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அங்கே எனக்காகப் போட்டு வைத்த கருப்பட்டிக் காப்பி இருந்தது. பால் சேர்க்காதது, நிறம் அச்சு அசல் அதே நிறம். தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் குடித்தாள், குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள் பாருங்கள்! ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வாசாப்பு நாடகம் பார்த்து வளர்ந்தவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"கசக்காக்கா?"

"கொமட்டுதுலே. ஆனா ஒனக்காவக் குடிக்கேன்."

"குடி குடி. கண்ண மூடிட்டுக் குடிச்சிரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்கால நாடகம் தவறாமல் நடந்தது. காளான் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. உண்மையைச் சொன்னால், வாய்ப்புண்ணுக்கு நடுவிலும் அவளுக்கு இறங்கிய ஒரே பானம் அந்தக் காப்பிதான். ருசித்துக் குடித்துக்கொண்டே கசப்பாக நடிக்க வேண்டும். சில நாள் நடிக்க மறந்து சப்புக் கொட்டிவிடுவாள், நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுவேன். போனை வைத்ததும் இருவரும் சிரிப்போம். நோய் வந்த வீட்டில் அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய வரம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை தீரவில்லை. கல்யாணமான புதிதில்கூட நான் இப்படி வேலை விட்டு ஓடி ஓடி வந்ததில்லை.

ஈரல் மெல்லத் தேறியது. மருந்து மறுபடி ஏற ஆரம்பித்தது. கட்டி சுருங்குவதாக டாக்டரம்மா சொன்னார். அதை அவனிடம் சொன்னபோது போனுக்குள்ளேயே குதித்தான். நாங்கள் ஆஸ்பத்திரியை நினைத்துச் சொன்னோம். அவன் காளானை நினைத்துக் கேட்டான்.

ஒரு சாயங்காலம் வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தான்.

"அக்கா, ஒன்னால இன்னொரு உசுரும் பொழைக்கப் போவுது. எங்கூட வேலை செய்யுதான்லா, பெரியதாழைக்காரன்? அவன் அம்மாவுக்கும் ஒன்னைய மாதிரியேதான். ஒனக்குக் கட்டி சுருங்கினதச் சொன்னேன். அந்த அம்மா, இனி ஆஸ்பத்திரியே வேண்டாம், முடி கொட்டுற மருந்தும் வேண்டாம், காளானே போதும்னுட்டாவ. போன துறைமுகத்துலயே ரெண்டு பேருமாப் போயி வாங்கி அனுப்பிட்டோம்."

என் மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, பேச வேண்டாம், பிறகு யோசித்துச் சொல்லலாம் என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏலே, அக்கா சொல்லுதத நல்லாக் கேளு. நான் அந்தக் காளானக் குடிக்கல. ஆரம்பத்துல குடிச்சேன், ஈரலுக்கு ஆவலன்னு டாக்டரம்மா நிப்பாட்டிட்டாவ. நெதமும் ஒன் முன்னாடி குடிச்சது கருப்பட்டிக் காப்பி. கட்டி சுருங்கினது ஆஸ்பத்திரி மருந்துல. அந்த அம்மாவ ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு. இப்பவே சொல்லு."

எதிர்முனையில் அவன் முகம் அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நான் போனை ஆட்டினேன்.

"ஈரல் இப்ப எப்படிருக்கு?" என்று கேட்டான்.

"தேறிட்டுலே. தேறினதாலதான் மருந்து ஏறுது."

"இருங்க, வாரேன்" என்று எழுந்து ஓடினான். போன் அப்படியே அவன் அறைச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கப்பலில் இருக்கிறவனிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம். இனி அவன் என்ன ஆவானோ என்றுதான் இருவருக்கும்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "சொல்லிட்டேன். அவன் வீட்டுக்குப் போன் போட்டுட்டான். தங்கச்சி எடுத்திச்சு. காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாவளாம்."

"நல்லா இருப்பலே."

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்ப நெதமும் கொமட்டுதுன்னு சொன்னியே?"

"நடிச்சேன். நீ மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு."

அவன் மேசைக்குக் கீழேயிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தான். உள்ளே கறுப்பும் பழுப்புமாக ஒரு தண்ணீர். கருப்பட்டிக் காப்பிக்கு அந்த அடிவண்டல் கிடையாது, எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நான் நடிக்கலக்கா. நெசமாவே குடிச்சிட்டு இருந்தேன்."

"ஒனக்கு என்னலே சீக்கு?"

"ஒண்ணும் இல்ல. நீ ஒத்தையில கசப்பக் குடிக்கியேன்னுதான். நீ குடிக்கும்போது நானும் குடிப்பேன், கேமராவுல தெரியாம."

கட்டி என்று சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை. முடி கொத்தாகக் கையோடு வந்த அன்றைக்கும் அழவில்லை, என்னைத்தான் அழாதீர்கள் என்று அதட்டினாள். இப்போது வாய்விட்டு அழுதாள். "கொட்டுலே அத! கடல்ல கொட்டு! கரை எறங்கின ஒடனே போயி ஒன் ஈரலப் பாரு!" என்று அழுகையும் வசவுமாகக் கத்தினாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடல்ல கொட்டினா கேப்டன் வைவாருக்கா, தொட்டியில கொட்டுதேன்" என்றான். கொட்டிவிட்டு வந்து, வெறும் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். அவள் போன் திரையில் அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.