நாற்பத்து நான்கு சென்டிமீட்டர்

சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்கு நடந்தது. "தூக்கத்துல உளறுறீங்க" என்றுதான் என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். அவளை விடுங்கள்.

நான் எலெக்ட்ரீஷியன். கரண்டுக்கே பயப்படாதவன். எங்கள் பகுதியில் முந்நூறு வீடும் குடிப்பது மேட்டு ஊற்றுத் தண்ணீர். அதன் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட ஒரு பாட்டில் தண்ணீர்க் கம்பெனி அனுமதி கேட்டது. காலை பத்து மணிக்கு விசாரணை. முந்தின நாள் முழுக்க அவர்களுடைய சோதனைக் கிணற்றில் மோட்டார் ஓட்டிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு நிறுத்தினார்கள். இறங்கிய நீர்மட்டம் விடியும்வரை ஏறவில்லை என்று நாங்கள் காட்டினால் அனுமதி கிடையாது. அதற்குத்தான் ராத்திரி வேலை.

ஊற்றுப் பாதுகாப்புக் குழுவை நடத்துகிற ரிட்டயர்டு டீச்சர் என்னிடம் நோட்டைக் கொடுத்தார்.

"மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்க. ஒரு தப்பு இருந்தாலும் அவங்க வக்கீல் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவார்."

"நீங்க நிம்மதியாத் தூங்குங்க டீச்சர்."

பழைய பம்ப் ரூம். ஒரு ஸ்டூல், ஒரு பல்பு. நடுவில், தரையிலிருந்து இரண்டு ஜாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பழைய ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய். அதற்குள் அளவு நாடாவை இறக்க வேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டால் கையில் இருக்கும் பெட்டி 'பீப்' என்று கத்தும்.

12.00. பீப். 31.44 மீட்டர்.

1.00. பீப். அதே 31.44. ஏறவே இல்லை! சந்தோஷத்தில் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன்.

2.00. நாடாவை இறக்கினேன். பன்னிரண்டு மீட்டரிலேயே... பீப்.

தண்ணீர் ஏறிவிட்டதா? போச்சு, ஊற்று போச்சு... நாடாவை இழுத்துப் பார்த்தேன். நுனியில் பொட்டு ஈரமில்லை.

2.04. மறுபடி இறக்கினேன். ஐந்து மீட்டர்... பீப்.

2.06. நாடாவை முழுக்கச் சுற்றிவிட்டேன். நுனி என் கையில். பீப்... பீப்...

பேட்டரியைக் கழற்றினேன்.

பீப்.

அப்புறம் குழாயில்... டப்.

விளிம்பில் ஈரமாக ஒரு விரல் அச்சு.

டப். ஒரு ஜாண் கீழே இன்னொன்று.

டப். தரையில்.

மறுபடி விளிம்பில்...

ஓடினேன்.

நோட்டு, செருப்பு எல்லாம் அங்கேயே கிடந்தன. காலை ஆறு மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்று அழுதேன். "பயந்து ஓடிட்டேன் டீச்சர். ஊற்றை நானே கெடுத்துட்டேன்." வேறொன்றும் சொல்ல வெட்கமாக இருந்தது.

இருவரும் போனோம். ஸ்டூல்மேல் நோட்டு திறந்திருந்தது.

2.00 முதல் 5.00 வரை எல்லா வரியும் 31.00 என்றே நிரம்பியிருந்தது. என் எழுத்து இல்லை. நான் எழுதிய இரண்டு 31.44-ம் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 31.00. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'குழாய் உயரம் 0.44 கழிக்கவும்.'

தரையிலிருந்துதானே கணக்கு! கழிக்க மறந்திருக்கிறேன், மடையன்.

டீச்சர் அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்தார். "வாயைத் திறக்காதீங்க. கிளம்புங்க."

விசாரணையில் வக்கீலின் முதல் கேள்வியே அதுதான். "குழாய் உயரத்தைக் கழிச்சீங்களா?" டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "யார் எழுத்து டீச்சர்?"

"எனக்கு முன்னாடி குழுவை நடத்தினவரு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, கீழ் ஊற்றுக்காக அதே ரூம்ல அளந்தாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நோட்டுல ஒண்ணுமே இல்ல. மாரடைப்பு. எழுதின வரைக்கும் குழாய் உயரத்தைக் கழிக்கல. கேஸ் போச்சு. கீழ் ஊற்று வத்திப்போச்சு."

டீச்சர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில நான்தான் முதல்ல பார்த்தேன். குழாய்மேல சாஞ்சு கிடந்தாரு. வலது கை ஜாண் விரிச்சபடியே விறைச்சிருந்துச்சு. எதை அளந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

அந்த விரல் அச்சுகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.