"எனக்கு ஞாபகம் இல்லை சார்"

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது எங்கள் வீடு சேலையூரில். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு புதிய தனியார் விமானக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. உடனே ஏர் ஹோஸ்டஸ் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "பொண்ணு அமெரிக்காவெல்லாம் போயிட்டு வருதா?" என்று அம்மாவை விசாரித்தார்கள். எங்கள் கம்பெனி விமானமே பம்பாயைத் தாண்டியதில்லை. நான் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இரண்டு டெலிபோன்களோடு உட்கார்ந்து, எந்த விமானத்துக்கு எந்த பைலட் என்று பட்டியல் போடுவேன். யாராவது வராவிட்டால் வேறொருவரைக் கூப்பிட்டு வரவழைப்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

அதுவரை உள்நாட்டில் அரசாங்க விமானம் மட்டும்தான் பறந்துகொண்டிருந்தது. அங்கே கோ-பைலட்டாகச் சேர்ந்தவர் கேப்டன் ஆவதற்குள் தலை நரைத்துவிடும். தனியார் கம்பெனிகள் வந்ததும், முகூர்த்த நாளில் சமையல்காரரைத் தட்டிக்கொண்டு போவதுபோல பைலட்டுகளை இழுக்க ஆரம்பித்தார்கள். மூன்று மடங்கு சம்பளம், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனிப் படி, சீக்கிரம் கேப்டன் பதவி. எங்கள் மேனேஜர் ஒரு பெரிய பலகையில் ஒவ்வொரு பைலட்டும் அந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று எழுதி வைத்திருந்தார். பக்கத்திலேயே எதிர்க் கம்பெனியின் விமானங்கள் எத்தனை சரியான நேரத்தில் கிளம்பின என்ற கணக்கு. அவர்களுடைய கவுன்ட்டர் எங்கள் கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே கூட்டம் கூடினால் மேனேஜருக்கு வயிறு எரியும்.

எனக்கும் வயிறு எரிந்தது, வேறு காரணத்துக்கு. பைலட்டுகளின் சம்பளப் பட்டியலை ஒரு தடவை தற்செயலாகப் பார்த்துவிட்டேன். நானும் அவர்களைப் போலவே கண் விழித்து, அவர்களைப் போலவே திட்டு வாங்குகிறேன், ஆனால் என் ஒரு வருடச் சம்பளத்தை இவர்கள் ஒரே மாதத்தில் வாங்குகிறார்களே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பின்னால் நான் செய்ததில் இந்தப் புகைச்சலுக்கும் பங்கு உண்டு.

நான் சொல்ல வந்த கோ-பைலட் மாடம்பாக்கத்தில் குடியிருந்தார். அரசாங்க விமானத்தில் எட்டு வருடம் வரிசையில் நின்று பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். பைலட் என்ற பந்தா எதுவும் கிடையாது. ஸ்கூட்டரில் காய்கறிப் பையோடு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் கேப்டன் பயிற்சிக்குப் போகிற மூன்று பேரில் அவரும் ஒருவர்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். நல்ல மழை. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் என்னை நோக்கி ஓடி வந்தார்.

"நல்ல வேளை, உங்களைப் பார்த்தேன். என் வீட்டு போன் ரெண்டு நாளா டெட். எக்ஸ்சேஞ்ச்ல எழுதிக் குடுத்துட்டேன். டெலிபோன் பூத்துல இருந்து நம்ம ஆபீஸுக்குப் போட்டா எங்கேஜ்டாவே இருக்கு. நாளைக்கு நான்தான் ஸ்டாண்ட்பை."

ஸ்டாண்ட்பை என்றால், வர வேண்டியவர் வராமல் போனால் உடனே கிளம்பி வரத் தயாராக வீட்டில் காத்திருக்க வேண்டியவர். ஆபீஸ் கூப்பிட்டால் போனை எடுத்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் அவர் அவ்வளவு பதறினார். தெருமுனை மருந்துக் கடையின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"இந்த நம்பருக்குப் போட்டா கடைப் பையன் வந்து சொல்லிடுவான். இல்லன்னா நேரா வண்டியையே அனுப்பிடுங்க. நான் மறுபடி பூத்துக்குப் போய் ட்ரை பண்ணட்டுமா?"

"வேணாம் சார், நான் சொல்லிடறேன். நீங்க போங்க, நனையாதீங்க" என்றேன். ரயில் வந்துவிட்டது. சீட்டைச் சாப்பாட்டுக் கூடையில் திணித்துக்கொண்டு ஏறினேன்.

திரிசூலத்தில் இறங்கி ஆபீஸுக்குள் நுழைந்தால் ஒரே களேபரம். எங்கள் கேப்டன்கள் இரண்டு பேர் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார்கள். எதிர்க் கம்பெனி இன்னும் கூடுதல் சம்பளம் தருகிறதாம். மேனேஜர் சாமி வந்தவர்போல ஆடிக்கொண்டிருந்தார். ஒரு வாரப் பட்டியல் முழுவதையும் திருத்தி எழுதி முடித்தபோது என் தலையே சுற்றியது. மாடம்பாக்கம், மழை, சீட்டு எல்லாம் சுத்தமாக மறந்துபோயின.

மறுநாள் காலை ஷிஃப்டும் எனக்குத்தான். பத்தரை மணி பம்பாய் விமானத்தின் கோ-பைலட் எட்டு மணிக்குப் போன் செய்து, காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்றார். பட்டியலில் ஸ்டாண்ட்பை யார் என்று பார்த்து, உடனே மாடம்பாக்கத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் செத்த போன்கூட கூப்பிடுகிறவர் காதில் ஒழுங்காக மணி அடிக்கும். ஆறேழு தடவை போட்டும் யாரும் எடுக்கவில்லை.

பைலட்டுகளை அழைத்து வரும் கார் டிரைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போன் எடுக்கலன்னா இன்னா மேடம்? மாடம்பாக்கந்தானே, ஒரு மிதி மிதிச்சா சாரை இட்டாந்துர்றேன். சும்மாத்தானே குந்திகினு கீறேன்."

"ஸ்டாண்ட்பைன்னா போன் பக்கத்துல உக்காரணும். அதுக்குத்தான் அவ்ளோ சம்பளம். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் காரை அப்போதே அனுப்பியிருந்தால் அவர் ஒன்பதரைக்கு வந்து நின்றிருப்பார்.

பதினொரு மணிக்கு விமானத்தை ரத்து செய்தார்கள். எங்கள் கவுன்ட்டரில் டிக்கெட்டைக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியே பக்கத்துக் கவுன்ட்டர் வரிசையில் போய் நின்றார்கள் பயணிகள். எதிர்க் கம்பெனிப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மேனேஜர் முகம் கறுத்துப் போய்விட்டது. "போன எடுக்காத அந்த ஆளு யாரு?" என்று கத்தினார். நான் பெயரைச் சொன்னேன். பதிவேட்டில் 'பலமுறை அழைத்தும் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று என் கையால் எழுதினேன்.

மதியம் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தபோது, டிபன் பாக்ஸுக்கு அடியில் அந்தச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்துக் கடை நம்பர்.

பசி போன இடம் தெரியவில்லை. எழுந்து போய் மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். திட்டுவார், வேலையை விட்டுத் தூக்கினாலும் தூக்குவார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார், தம்பி காலேஜில் இருந்தான், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பிறகு பாத்ரூமுக்குப் போய் அதைச் சுக்குநூறாகக் கிழித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு மெமோ கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, கேப்டன் ஆவது ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவரை வரவழைத்தார்கள். அதே டிரைவர்தான் போய் அழைத்து வந்தார். மேனேஜர் அறையில் என்னையும் நிற்க வைத்தார்கள்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, ஷூவைக்கூட கழட்டாம உக்காந்திருந்தேன் சார். போன் டெட்டுன்னு முந்தின நாளே இவங்ககிட்ட தாம்பரம் ஸ்டேஷன்ல சொன்னேன். மருந்துக் கடை நம்பர்கூட எழுதிக் குடுத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னைப் பார்த்துவிட்டதால் இனிக் கவலை இல்லை என்பதுபோல நிம்மதியாகத்தான் சொன்னார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? சொன்னாரா?"

"எனக்கு ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

"ஏம்மா, மழை பெஞ்சுதே... ட்ரெயின் வந்துதே... நீங்ககூட, நனையாதீங்க சார்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் முகத்தையே பார்த்தார். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் டெட் என்பதை எக்ஸ்சேஞ்ச் சொல்லும், ஆனால் அதை எங்களுக்குச் சொன்னதற்கும், பூத்திலிருந்து போன் செய்து பார்த்ததற்கும் அவரிடம் சாட்சி இல்லை. விமானம் ரத்தான கோபத்துக்கு மேனேஜருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கேப்டன் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்த அணியில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த அணி வரவே இல்லை. ஒன்றரை வருடத்தில் கம்பெனி மூச்சு வாங்கி, விமானங்களைக் குறைத்து, கடைசியில் மூடியே விட்டார்கள். அவரோடு பட்டியலில் இருந்த மற்ற இரண்டு பேரும் கேப்டன் ஆகியிருந்ததால், எதிர்க் கம்பெனி அதே மாதம் கூப்பிட்டு வேலை கொடுத்தது. கோ-பைலட்டுகள் அவர்களுக்குத் தேவைக்கு மேல் இருந்தார்கள். விட்டுவிட்டு வந்த அரசாங்க வேலையும் திரும்பக் கிடைக்கிற வேலை இல்லை. நான் ஒரு மாதம் என்று கணக்குப் போட்டது, அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. குரோம்பேட்டையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ரோஜாச் செடி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ "நல்லா இருக்கீங்களா?" என்றார்கள்.

அவர்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. கையில் ஒரு பழைய டேபிள் ஃபேன். எனக்கு ஓடிவிடலாம்போல இருந்தது. "எங்க சார் இருக்கீங்க இப்போ?" என்று ஏதோ கேட்டேன். வடக்கே ஒரு சின்னக் கம்பெனியில் இருப்பதாகவும், லீவில் வந்திருப்பதாகவும் சொன்னார். "இன்னும் கோ-பைலட்தான்" என்று சிரித்தார். பிறகு, சந்தை இரைச்சலுக்கு நடுவே, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"உங்களைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். அன்னைக்கு ரூம்ல உங்களை அநாவசியமா மாட்டிவிட்டுட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. நான்தான் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே வந்து, சொல்லாம விட்டிருக்கணும். சொன்னதாவே மனசுல பதிஞ்சிருக்கு. பைலட்டுக்கு இந்த மாதிரி ஞாபகம் ஆகாதும்மா. இப்போல்லாம் எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். "சாரி. மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, மேனேஜர் இல்லை, அந்தக் கம்பெனியே இல்லை. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா?

"பரவாயில்ல சார்."

மன்னித்துவிட்டேனாம், நான்! அவர் முகம் தெளிந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல, ஃபேனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு கூட்டத்தில் நடந்து போய்விட்டார். நான் செடிக்காரர் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பதவியையும் சம்பளத்தையும் அவர் இழந்தது என் கோழைத்தனத்தால். பயந்துபோன ஒரு சின்னப் பெண் செய்தது என்று அதற்காவது நான் சாக்கு சொல்லிக்கொள்ளலாம். சந்தையில் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. நாற்பது வயது மனிதர் தன் ஞாபகத்தையே நம்பாமல் நோட்டும் பேனாவுமாக அலைகிறார் என்று தெரிந்தும் பேசாமல் நின்றேன்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மாடம்பாக்கம் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். என்றாவது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சார், நீங்கள் சொன்னீர்கள். உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அறையில் பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கும் எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது.