பூஜ்யம் வாங்கிய கோட்டு

ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தில் இருபத்துமூன்று அளவுக்காரர்கள் இருந்தார்கள். மழையில் கரையோரமாக நடந்து, கம்பத்தில் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதிவருவது அவர்கள் வேலை. அதற்காக ஆளுக்கொரு மெழுகுக் கித்தான் கோட்டு கொடுத்திருந்தார்கள். அந்த இருபத்துமூன்று கோட்டுகளையும் கவனிக்க ஒருத்தி இருந்தாள். மெழுகுக்காரம்மா என்று அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போடுவார்கள், இரண்டு நாள் கழித்து எடுத்துப்போவார்கள். அதற்கு எதற்குப் பேச்சு?

பேச்சில்லாதது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஒரு கல்யாணம் நடந்தது, ஒன்றரை வருஷத்தில் அதுவும் நின்றது. இரண்டுக்குமே அவள் சத்தம் போடவில்லை. ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் அளவுக்காரர். அவர் சொல்லி, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. கோட்டுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்காரருக்கு ஒரு மழைக்காலத்தில் தோள் பிடித்துக்கொள்ள, "இந்த ஒண்ணை மட்டும் நீ தேச்சுடும்மா" என்று துணியைக் கையில் கொடுத்தார். தோள் சரியான பிறகும் அவர் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒன்று முடியாமலே பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். வெந்நீர் ஆகாது, சோப்பு ஆகவே ஆகாது. மெழுகு டின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினால் கட்டி எண்ணெயாக இளகும். அதைத் துணியில் தொட்டு, கித்தானில் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதுகு அகலமானது, அதில் யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம். தண்ணீர் உள்ளே நுழைவது தையல் வழியாகத்தான், அதற்கு இரண்டு முறை. கடைசியில் ஹேர் டிரையரைக் காட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கும். அந்த ஹேர் டிரையரை அவள் தன் தலைக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

அறைக் கதவின் உள்பக்கம் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது: 'மெழுகு இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.' யார் எழுதினது, எதற்கு எழுதினது, யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்தே அவள் அதை மீறிவந்தாள். டின் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் காகிதத்தில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். காரணம் அக்கா. தன் புருஷன் கோட்டில் இன்னொருத்தி கை படுவதை அக்கா விரும்பவில்லை. தங்கச்சியாக இருந்தாலும் அவளும் பொம்பளைதானே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முழுக்கச் சிரிப்பு இல்லை அது. வருஷத்துக்கு மூன்று முறை தங்கச்சி மெழுகை இளக்கிக் கொடுக்க, சமையலறைத் தரையில் கோட்டை விரித்து அக்காவே தேய்த்தாள், கோபமான நாட்களில் இன்னும் அழுத்தி. அதனால் வருஷாவருஷம் அத்தானின் கோட்டு ஸ்டோருக்கு வரும், ஒருநாள் கொக்கியில் தொங்கும், தொட வேண்டிய அவசியமே இல்லாமல் திரும்பிப் போகும்.

மற்றக் கோட்டுகள் அப்படியில்லை. மெழுகுத் துணி எங்கே மடங்குகிறதோ, எங்கே உரசுகிறதோ அங்கே வெளுத்துவிடும். பதினாறு வருஷமாக வெளுப்பைப் பார்த்துப் பார்த்து, கோட்டை மேசையில் போட்டதுமே அதன் சொந்தக்காரர் வருஷத்தை எப்படிக் கழித்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தோளில் பைவார் உரசிய தடம் இருந்தால் நடந்த ஆள். கீழ்விளிம்பு வெளுத்திருந்தால் புதருக்குள் போன ஆள். சாக்குப்போக்கு என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் அளவுக்காரரின் கோட்டில் இரண்டு முழங்கையும் பின்பக்கமும் மட்டும் வெளுத்திருக்கும். ஒருநாள் பியூன் பக்கத்தில் நின்றபோது, "இந்தக் கோட்டு ஆத்தைவிட நாற்காலியைத்தான் நெறைய பாத்திருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. பியூன் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் நல்ல மனிதர், எதையும் கட்டம் போட்டுப் பார்க்கிறவர். மேலிடத்திலிருந்து அவருக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது: பிரிவில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். எந்த ஆளை என்று மேலிடம் சொல்லவில்லை, அது அவர் தலைவலி. இருபத்துமூன்று பேரும் தினமும் ஆற்றுக்குப் போய்வந்ததாகத்தான் எழுதிவைத்திருந்தார்கள். எழுத்து பொய் சொல்லும், கோட்டு சொல்லாது என்று அவர் முடிவுகட்டினார். தோள், முழங்கை, கீழ்விளிம்பு, முதுகு என்று நான்கு கட்டம் போட்ட காகிதத்தோடு ஸ்டோருக்கு வந்தார். ஒவ்வொன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பத்துக்கு மார்க்குப் போடச் சொன்னார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. இந்த வருஷம் எத்தனை மெழுகு வாங்க வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சொல்லாததை அதிகாரி அளவுக்காரர்களிடம் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். தேய்மானம்தான் உழைப்பு என்று தெரிந்ததும் அவர்கள் உழைக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்து இரண்டு தோளையும் தேய்த்தார். ஒருவர் கோட்டை சைக்கிள் பின்னால் கட்டி மண்சாலையில் இழுத்துப்போனார். வாழ்க்கையில் எதற்கும் மெனக்கெடாத சாக்குப்போக்குதான் எல்லோரையும் மிஞ்சினார். சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் வாஷிங் மெஷினில் மூன்று முறை சுற்றவிட்டார். பதினைந்து வருஷ மெழுகு சாக்கடையோடு போய், கோட்டு வெந்துபோன காகிதம் மாதிரி வெளியே வந்தது.

இதையெல்லாம் அவள் பார்த்தாள். கல் தேய்த்த தடம், இழுபட்ட தடம், சோப்பு வாசனை எல்லாமே தெரிந்தன. ஆனால் காகிதத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எப்படித் தேய்ந்தால் என்ன, மெழுகு போட வேண்டியதுதானே என்று கண்ணில் பட்டதை எழுதினாள். சாக்குப்போக்கின் கோட்டு பாவம், நாற்பதுக்கு நாற்பது. கடைசியாக அத்தானின் கோட்டை எடுத்தாள். சொந்தக்காரர் என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இரண்டு முறை பார்த்தாள். தோளில் விரலை ஓட்டினாள். மெழுகு எங்கும் விடவில்லை. அக்காவை நினைத்துக் கொஞ்சம் பெருமையோடுதான் நான்கு கட்டத்திலும் பூஜ்யம் போட்டாள், வட்டமாக, அழகாக.

மறுநாள் சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். முதலிடம் சாக்குப்போக்கு, கடும் உழைப்பாளி என்ற குறிப்போடு. கடைசியில் அத்தான். மாத முடிவோடு அவர் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார் என்று கீழே எழுதியிருந்தது.

வீட்டில் அத்தான், கம்பத்துக்குக் கம்பம் நடந்தே இருபது வருஷம் கழித்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசினாள்.

"பதினாறு வருஷம் என் கையால தின்னுட்டு, என் புருஷனுக்குப் பூஜ்யம் போட்டிருக்கியேடி."

"அது நல்ல மார்க்குக்கா."

"எந்தப் பள்ளிக்கூடத்துல பூஜ்யம் நல்ல மார்க்கு? இதனாலதான் நீ ஆறாவதோட நின்னே."

அத்தான் தலையைத் தூக்காமல், "அவளை விடு. மத்தவங்க கோட்டு மாதிரி என்னோடதையும் ஸ்டோர்லயே விட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றார். அதோடு அக்காவின் கோபம் அவர் பக்கம் திரும்பியது.

பின்னறையில் அவள் யோசித்துப் பார்த்தாள். அதிகாரியிடம் போய், இந்தக் கோட்டுக்கு வீட்டிலேயே மெழுகு போடுகிறார்கள், அதனால்தான் வெளுப்பு இல்லை என்று சொன்னால் போதும். மெழுகு ஏது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் பலகை இருக்கிறது, தன் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் அத்தானின் வேலை இருக்காது. இரண்டில் எது என்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. ஒரு அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்பதுதான் சிரமமாக இருந்தது.

காலையில் இரண்டு கோட்டையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். அத்தானுடையது ஒன்று, சாக்குப்போக்குடையது ஒன்று. பேச வரவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அத்தான் கோட்டின் கீழ்மடிப்புத் தையலைப் பிரித்தாள். அதிகாரி எழுந்துவிட்டார். அலுவலகச் சொத்தைக் கண்ணெதிரே ஒருத்தி கிழிக்கிறாள்.

"பாருங்க சார்" என்றாள்.

மடிப்புக்குள் மெழுகு. ஹேர்பின்னால் சுரண்டினாள், அதற்குக் கீழே மெல்லிய மஞ்சள் வண்டல். அதற்குக் கீழே மறுபடி மெழுகு, மறுபடி வண்டல். என்னதான் பிரஷ் போட்டாலும் தையலுக்குள் ஏறிய ஆற்று மண் முழுக்க வராது, அடுத்த மெழுகு அதை அப்படியே மூடிவிடும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து எண்ணினார். பன்னிரண்டு வரை எண்ணி நிறுத்திக்கொண்டார். அடுத்ததாக அவள், அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கேட்காமலே எடுத்து, சாக்குப்போக்கின் கோட்டில் கொஞ்சம் ஊற்றிக் கையால் தேய்த்தாள். நுரை வந்தது.

"இது ஆத்துத் தண்ணி இல்ல சார்" என்றாள்.

"அப்ப அந்தக் கோட்டு? பன்னெண்டு தடவைக்கு மேல மெழுகு போட்டது யாரு, நீங்களா?"

"எங்கக்கா. வீட்ல. வருஷத்துக்கு மூணு தடவை."

"மெழுகு?"

"நான்தான் எடுத்துட்டுப் போனேன் சார். டின் அடியில இருக்கறது. பதினாறு வருஷமா."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கோபப்படவும் இல்லை. உண்மை சொன்னதற்காக அவளைப் பாராட்டினார். பட்டியலைக் கிழித்துப் போட்டார். அத்தான் வேலையில் நீடிப்பார் என்று அவள் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாக்குப்போக்கைக் கூப்பிட்டு விசாரித்தார். சுத்தமாக இருக்கட்டும் என்று துவைத்தேன், துவைக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். எங்கும் எழுதியிருக்கவில்லை. அவரையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்லாம் நியாயமாக முடிந்தது. ஒரே ஒரு குறை, ஒரு ஆளைக் குறைக்க வேண்டிய உத்தரவு மட்டும் மேசையில் அப்படியே கிடந்தது. அதிகாரி அதையும் நியாயமாகவே யோசித்தார். ஸ்டோரில் வருஷத்துக்கு ஒரு முறை போடும் மெழுகு வெளுத்துப் போகிறது. வீட்டில் மனைவி மூன்று முறை போட்டால் வெளுப்பதே இல்லை, அதற்கு அத்தாட்சியை அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். அப்படியென்றால் ஸ்டோரில் ஒரு ஆள் எதற்கு? வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. இனி அளவுக்காரர்கள் எல்லோருக்கும் மெழுகு வீட்டுக்கே கொடுக்கப்படும். மெழுகிடும் பணியிடம் நீக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரியாக இருந்த அம்மையாரை அலுவலகம் பாராட்டுகிறது. அந்த அம்மையார் அக்கா.

கடைசி நாள் அறையைப் பூட்டுவதற்கு முன், பலகையைக் கழற்றட்டுமா என்று பியூனிடம் கேட்டாள். அதற்கு உத்தரவு வரவில்லை என்று பியூன் சொன்னார்.

முதல் வாரமே தெருவில் அக்காவுக்கு வசவு விழ ஆரம்பித்தது. அவளால்தானே இத்தனை வீட்டுக்கும் இந்தப் பிசுபிசுப்பு. இரண்டாம் வாரம், வைத வாயோடு அளவுக்காரர் வீட்டுப் பெண்கள் ஆறு பேர் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இஸ்திரிப் பெட்டியால் மெழுகை இறக்கப் பார்த்து, பெட்டி கோட்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. அக்கா பாராட்டுக் கடிதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, சமையலறையில் பாடம் நடத்தினாள். டின்னை நேராக நெருப்பில் வைத்துவிட்டு, முதுகில் எப்படித் தேய்ப்பது என்று பெரிய கையசைப்போடு காட்டிக்கொண்டிருந்தாள். டின்னிலிருந்து புகை எழும்பியது.

பின்னறைக் கதவு திறந்தது. அவள் வந்து கரித்துணியால் டின்னைப் பிடித்து இறக்கி, அடுப்பை அணைத்தாள்.

"நேரா நெருப்புல வச்சா தீப்பிடிச்சுக்கும்" என்றாள். "ஒரு பாத்திரத்துல தண்ணி வையுங்க. டின் அதுக்குள்ள நிக்கட்டும். முதுகை அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல தையலைக் காட்டுங்க."

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்காரி, இவங்க யாரு என்று அக்காவைக் கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா. "வேலை போயிடுச்சு பாவம். அவ்வளவா பேசமாட்டா."

அவள் அதற்குள் தரையில் உட்கார்ந்து, முதல் கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.