சவரியம்மாளின் ஆயாக்கொட்டகை

சென்ற திங்கட்கிழமை காலை, பொந்தியானில் என் மருந்தகத்துக்குக் காலில் கட்டுப்போட வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தாம் லாபிஸ் ரப்பர் தோட்டத்துக்காரர் என்றார். "எங்க தோட்டத்து ஆயாம்மா தவறிட்டாங்கய்யா. மூணு நாளாச்சு. அன்னைக்கு யாரும் பால் எடுக்க மரம் வெட்டப் போகல. தொரையே லீவு விட்டுட்டாரு." அதே தோட்டத்தில் ஒரு காலத்தில், வேலைக்குப் போகமாட்டேன் என்று நின்றதற்காக வெளியேற்றப்பட இருந்தவர் அந்த ஆயாம்மா, சவரியம்மாள்.

லாபிஸ் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சவரியம்மாளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அங்கே தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தோட்ட மேலாளரான அன்றைய துரை மனமிரங்கிக் கொடுத்தார் என்றே இன்று சொல்கிறார்கள். நான் உடனிருந்தவன், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராகச் சேர்ந்த புதிது. ஒரு நாள் சவரியம்மாள் தம் ஆறு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரப்பர் மரக்கிளையில் கட்டிய புடவைத் தொட்டிலில் செவ்வெறும்பு ஏறி, குழந்தையின் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தது. மருந்து தடவிக்கொண்டே, "வீட்டுல யாருகிட்டயாவது விட்டுட்டுப் போகக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன்.

"யாருகிட்டங்க விடறது? எங்கம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க" என்றார்.

கடல் தாண்டி வந்த எங்கள் எல்லோருடைய கஷ்டமும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஊரில் பிள்ளையை இடுப்பு மாற்றி வாங்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே தொழிலாளர் லயத்தில் வரிசையாக இருபது வீடு இருந்தும், விடிந்தால் எல்லோரும் ரப்பர் காட்டில்.

குழந்தை பிழைத்தது. அடுத்த வாரம் காலைப் பெரட்டில், ஆள் எண்ணும் நேரத்தில், சவரியம்மாளும் இன்னும் பத்துப் பெண்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்கள். கங்காணி கத்தினார், "சாமான மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்பு" என்றார். சத்தம் கேட்டு வந்த துரை, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

சவரியம்மாள் சொன்னார்: "மரத்துலேருந்து பால் எறக்கிக் குடுக்கறோம். எங்க புள்ளைங்க பாலுக்கு அழுது எறும்பு கடிச்சுச் சாவுதுங்க. ஒரு கூரை குடுங்க, பாத்துக்க ஒரு ஆளு குடுங்க. ஒருத்தியும் வேலைக்கு மட்டம்போட மாட்டோம்."

நான் பயந்தவன். குழந்தைகளை வைக்க இடம் கேட்கிறார்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். சவரியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டிரெசரய்யா, நான் சொன்னது இவ்வளவு நீளம். நீங்க சொன்னது அரை முழம்கூட இல்லையே. மிச்சம் எங்க?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மிச்சத்தையும் சொன்னேன். எறும்பு என்றபோது, துரை குனிந்து அந்தக் குழந்தையின் முகத்துத் தழும்புகளைப் பார்த்தார். பழைய சாமான் கொட்டகை ஒன்று கிடைத்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஆயா வேலையைச் சவரியம்மாளே ஏற்றுக்கொண்டார்.

முதல் நாள் வந்தவை மூன்றே குழந்தைகள். எந்தச் சாதிக்காரர் தொட்டில் பக்கத்தில் யார் வீட்டுத் தொட்டில் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. "எம்புள்ள கண்டவங்க கையால கஞ்சி குடிக்காது" என்று முனியம்மா வாசலிலேயே நின்றாள்.

"குடிக்க வேணாம். நீங்களே வந்து ஊட்டிட்டுப் போங்க. கொசுவலைக்குள்ள படுக்க மட்டும் எங்கிட்ட விடுங்க" என்றார் சவரியம்மாள். கொசுவலை நான் கொடுத்தது. நாலு நாள் காட்டுக்கும் கொட்டகைக்குமாக ஓடிய முனியம்மா, ஐந்தாம் நாள் கஞ்சிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்த வாரத்திலேயே கொட்டகை நிறைந்தது.

அந்த மழைக்காலத்தில் லயமெங்கும் காய்ச்சல். சவரியம்மாள் நீரைக் கொதிக்கவைக்காமல் ஒரு வாய் கொடுக்கமாட்டார். கொட்டகைப் பிள்ளை ஒன்றுகூடச் சாகவில்லை. மாதம் முடிந்தபோது கொட்டகையை எடுக்கும் பேச்சே இல்லை. தச்சரை அனுப்பி மரத்தொட்டில் செய்யச் சொன்னார் துரை.

சில வருடங்களில் சவரியம்மாளின் கணவர் அந்தோணி இறந்தார். ஊரிலிருந்து அண்ணன்மார் வரச்சொல்லி எழுத, மகளோடு கப்பலேறினார். இனி வரமாட்டார் என்றே நினைத்தோம். நாலு மாதத்தில் லாபிஸ் ஸ்டேஷனில் மகளோடு இறங்கினார். "அங்க என்னை விருந்தாளி மாதிரி பாய் போட்டு உக்கார வச்சாங்கய்யா. ஒரு வேலையும் தரல. எத்தன நாளைக்கு உக்காந்திருக்கறது?" என்று சிரித்தார். நாங்கள் பேசி முடிப்பதற்குள், வழியில் வந்த பெண்ணொருத்தி தன் குழந்தையை அவர் இடுப்புக்கு மாற்றியிருந்தாள்.

என் மனைவி ஊரிலிருந்து வந்த புதிதில் ஒரு மாதம் அழுதுகொண்டே இருந்தாள். என்ன செய்வதென்று சவரியம்மாளிடம் கேட்டேன். "அழட்டும். தடுக்காதீங்க. அழுது முடிச்சதும் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கூட்டிட்டுப் போறது நீங்களா இருக்கணும், அதுவா நடக்கும்னு விட்டுடாதீங்க" என்றார்.

அவரிடமிருந்து எங்கள் வீட்டில் தங்கியிருப்பது அதுதான். நேற்று முன்தினம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அவள் கையைப் பிடித்து, வரிசையாக ஒவ்வொரு வீடாக அழைத்துப் போனாள்.