இடம் விட்டு எடுத்த படம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் அலசியவன். அந்தக் கையால்தான் நாகல் நகரில் தகரம் வேய்ந்து ஸ்டூடியோ வைத்தேன். பின்னால் தொங்கும் திரையில் மலைக்கோட்டையை நானே வரைந்தேன். கேமரா பிடிக்க ஒருவனும் சொல்லித் தரவில்லை. இன்று பினாங்கில் சீன முதலாளியின் ஸ்டூடியோவில் இருட்டறை முழுக்க என் பொறுப்பு. இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு படத்தில் ஓராள் நிற்க இடம் கிடைக்கவில்லை.

இங்கே படம் எடுக்க வருகிறவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் சிரித்த படத்தை வீட்டில் மாட்ட மாட்டார்கள். ஐம்பதுகளில் என்னிடம் வந்த பெண்களில் பாதிப்பேருக்குப் புருஷன் மலேயாவிலோ கொழும்பிலோ இருந்தான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அவன் தலையை மட்டும் நிலா மாதிரி மூலையில் ஒட்டிக் கொடுப்பார்கள். நான்தான் பெண்டாட்டி பக்கத்தில் ஓராள் அகலத்துக்கு இடம் விட்டு எடுத்தேன். புருஷன் படம் கப்பலில் வந்ததும் ஆளை வெட்டி, விளிம்பைப் பிளேடால் சீவி, அந்த இடத்தில் ஒட்டி, மறுபடி படம் எடுத்துவிடுவேன். செம்பட்டிக் கிழவி ஒருத்தி படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏப்பா, எம்மவன் காலு தரையில பாவலையே. பேயா அவன்?"

"கப்பல்ல வந்த காலு ஆத்தா, செத்த நேரம் ஆடத்தான் செய்யும்."

சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாள்.

என் குடும்பத்தையும் அப்படித்தான் எடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றதால் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் எனக்கு இடம் விட்டேன். ஒட்டுவதற்குள் கப்பலேறிவிட்டேன். இங்கே மேசையில் அதைப் பார்த்த முதலாளி காலியிடத்தைத் தொட்டுக்காட்டி முகம் வாடினார். மறுநாள் படத்துக்கு முன்னால் ஓர் ஆரஞ்சு வைத்து வணங்கினார். அது செத்தவருக்கு விட்ட இடமென்று எண்ணிவிட்டார். அது என் இடம் என்று விளக்க என் மலாய் போதவில்லை. ஆரஞ்சை நானே தின்றேன்.

போன மாதம் ஊர்க் கோவிலில் மகளுக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. கோவில் வாசலில் காலை வெயில் இடப்பக்கமிருந்து விழும். அதே பக்கம் விளக்கு வைத்து, கோட்டுப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். உன் தங்கச்சி பக்கத்தில் எனக்கு இடம் விடு என்று மகனுக்கு எழுதினேன். ஸ்டூடியோ இப்போது அவன் கையில். கல்யாணப் படத்தை ஊர்க்காரன் அந்தோணி கொண்டுவந்தான்.

"பிரமாதம்ணே. அம்புட்டுப் பேரையும் அடக்கிட்டான் ஒங்க மகன்."

"நான் எங்கடா?"

அந்தோணி தலையைச் சொறிந்தான். "கேட்டேண்ணே. 'இடம் விட்டா, அப்பா செத்துட்டாரான்னு மாப்ள வீட்டாளுக கேப்பாக. அதான் சித்தப்பாவ நிறுத்துனேன்'னான்."

என் தம்பி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். கை மகளின் தோள்மேல். அவனை வெட்டியெடுத்து என்னை ஒட்டலாமென்று பிளேடை எடுத்தேன். விரல்களை வெட்டினால் மகளின் தோளும் சேர்ந்து போகும். பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். இடப்பக்க வெயிலுக்கென்று நின்ற என் கோட்டுப் படத்தின் இன்னொரு பிரதி, ஆளை மட்டும் வெட்டியெடுத்தபடி, காலடியில் தரையில்லாமல் இந்த மேசையில் கிடக்கிறது.

கல்யாணப் படத்தின் பின்னால் மகன் பெயரில் முத்திரை இருக்கிறது. கேமரா நான் வாங்கியது. தொழில் நான் கற்றுக்கொடுத்தது. மணப்பெண் நான் பெற்றவள். நாகல் நகர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள்: அடுத்த பிரதி போடும்போது முன்னால் இடமில்லாவிட்டால் போகட்டும், பின்பக்கத்தில் என் பெயரை எழுதட்டும். அதற்குக் கீழே, பெண்ணின் அப்பா, பினாங்கில் உயிரோடு இருக்கிறார் என்றும் எழுதட்டும்.